செவ்வாயும் வெள்ளியும் நிற்கும் கம்ப்யூட்டர்

என் தம்பி இசக்கிதுரையைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு இரண்டுக்கு மேல் வராது. அந்த இரண்டும் அவன் பெண்டாட்டி காளீஸ்வரியைப் பற்றியதாக இருக்கும். அவன் யாரிடமும் யோசனை கேட்கமாட்டான். கேட்டாலும் சொன்னபடி செய்யமாட்டான். எதைச் செய்வதற்கு முன்னாலும் ஒரு நோட்டை எடுத்துத் தேதி போட்டு எழுதுவான். காய்ச்சல் வந்தால்கூட எத்தனை மணிக்கு வந்தது என்று எழுதிவிட்டுத்தான் படுப்பான். அப்படி ஒரு பிறவி.

என் பெயர் சந்தனமாரி. சாரல் சீசன் மூன்று மாதமும் குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற வழியில் பழக்கடை போடுகிறேன். ரம்புட்டான், மங்குஸ்தான், கொய்யா, எது வருகிறதோ அது. மற்ற மாதங்களில் லோடு ஆட்டோ. எனக்கும் தம்பிக்கும் பேச்சு நின்று இரண்டு வருஷம் ஆகிறது. ஆனாலும் அவன் பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டரைப் பூட்டி, அது அவனைப் பாடாய்ப் படுத்தின கதையை என்னைவிட விவரமாகச் சொல்ல ஆள் கிடையாது. பாதி எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற சுவர் வழியாகக் கேட்டது. மீதி தென்காசியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிற சமீர் சொன்னது. அவன் என்னிடம் பழம் வாங்க வருகிறவன், வாய் சும்மா இருக்காது.

சின்ன வயதிலேயே இசக்கிதுரைக்கு இந்தப் புத்தி உண்டு. பத்து வயதில் அப்பாவின் டேப் ரெக்கார்டரைப் பிரித்துத் தரையில் பரப்பிவிட்டான். சாயங்காலம் திரும்ப மாட்டினான். நாலு திருகாணி மிஞ்சியது, ஆனால் பாடியது. அப்பா அவனைத் தூக்கி வைத்துக்கொண்டு தெரு முழுக்கச் சொன்னார். அதே காரியத்தை நான் செய்திருந்தால் முதுகுத்தோல் உரிந்திருக்கும். இதை நான் இன்னும் மறக்கவில்லை. மறக்கப் போவதும் இல்லை.

பிறகு திருப்பூருக்குப் போனான். கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷினில் ஒன்பது வருஷம் வேலை. மெஷின் நின்றால் மெக்கானிக் வருவதற்கு முன்னால் இவன் கழற்றிப் பார்த்துவிடுவானாம். அப்பா படுக்கையில் விழுந்ததும் ஊருக்கு வந்தான். அப்பாவைப் பார்க்க வந்தான் என்று ஊர் சொன்னது, பாகம் கேட்க வந்தான் என்று நான் சொன்னேன். அவன் பார்க்கவும் பார்த்தான், கேட்கவும் கேட்டான். அப்பா போன மறுவருஷம் மேலகரத்து வீட்டுக்கு நடுவில் எட்டடி உயரத்துக்குச் சுவர் எழும்பிவிட்டது. இப்போது சீசனுக்கு அவன் குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். என் கடை முன்னால்தான் போகவேண்டும். திரும்பிப் பார்க்கமாட்டான். நானும் பார்க்கமாட்டேன், ஆனால் எத்தனை டிரிப் அடிக்கிறான் என்று எனக்குத் தெரியும்.

பாகம் பிரித்தபோது பீரோ எனக்கு வந்தது, கிரைண்டர் அவனுக்குப் போனது. என் வீட்டுக்காரி செண்பகவல்லி ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். "பீரோவ வச்சு மாவாட்டவா?" என்று கேட்டாள். மிக்ஸியில் அரைத்துக்கொள் என்று சொன்னேன். கெட்டிக்காரி, சமாளித்துக்கொண்டாள். புதன்கிழமை காலையும் சனிக்கிழமை காலையும் எங்கள் வீட்டில் இட்லி. அவ்வளவு மெத்தென்று இருக்கும். மிக்ஸி மாவு இப்படி வருமா என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. சட்னி வைத்தால் சாப்பிடுவேன், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். பிரிந்த பிறகு அவன் தனியாக மீட்டர் வாங்கினான். அதை வைக்க வந்த ஒயர்மேன், எர்த்துக்குப் புதுக் குழி தோண்டச் சோம்பல்பட்டு, அப்பா காலத்தில் உப்பும் கரியும் போட்டு இறக்கின பழைய குழாயிலேயே அவன் வயரையும் முறுக்கி விட்டுப் போய்விட்டான். அந்தக் குழாய் என் முற்றத்தில் இருக்கிறது. இந்தச் சித்திரையில் லோடு ஆட்டோ நிறுத்துவதற்கு முற்றத்தில் சிமெண்டுத் தளம் போட்டேன். சுவர் ஓட்டை வழியாகப் பச்சை வயர் ஒன்று அந்தப் பக்கம் போகிறதே, இதை என்ன செய்ய என்று கொத்தனார் கேட்டார். கட்டிங் பிளேயரைக் கொண்டுவரச் சொல்லி வாங்கி, என் கையாலேயே அறுத்தேன். "என் மண்ணுல இருந்து அவனுக்கு ஒண்ணும் போகாண்டாம்," என்று அந்தப் பக்கத்துக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன். கொத்தனார் குழாய்க்கு மேலே சிமெண்டைப் பூசிவிட்டார். அவன் வீட்டில் லைட்டும் நிற்கவில்லை, ஃபேனும் நிற்கவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

வைகாசியில் காளீஸ்வரிக்கு வேலை கிடைத்தது. செங்கோட்டைப் பக்கத்துப் பண்பொழிப் பெண், பி.காம். படித்தவள், ஆளுக்கு வாய் குறைவு, வேலை அதிகம். சென்னையில் ஒரு கம்பெனி. வீட்டில் இருந்தபடியே காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, இன்சூரன்ஸ் கேட்டு வருகிறவர்களிடம் பேசி, விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். முதல் மூன்று மாதம் சோதனைக் காலம். வேலை நேரத்தில் இணைப்பு அறுந்தால் ஒரு கறுப்புப் புள்ளி. பத்துப் புள்ளி சேர்ந்தால் வேலை கிடையாது. கம்ப்யூட்டரை வேலைக்குச் சேருகிறவர்களே வாங்கிக்கொள்ள வேண்டும், அது இன்னின்ன தரத்தில் இருக்கவேண்டும் என்று ஒரு பட்டியலும் அனுப்பியிருந்தார்கள். அந்தப் பட்டியலைப் பார்த்ததும் இசக்கிதுரைக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிட்டது.

சமீர் நல்ல பையன், கடைக்குப் போனவனிடம் நியாயமாகத்தான் சொல்லியிருக்கிறான். "அண்ணே, கம்பெனி செட்டு ஒண்ணு ரெடியா இருக்கு. எடுத்துட்டுப் போயி பிளக்க மாட்டுங்க, ஓடும்."

"உள்ள என்ன எஸ்எம்பிஎஸ் போட்டுருக்கான்?" என்று கேட்டிருக்கிறான் இவன். பெட்டிக்குள் போகிற கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற டப்பா அது.

"ஓடும்ணே."

"ஓடும்னா எத்தன வாட்டு? எவன் செஞ்சது? அதச் சொல்லு மொதல்ல."

சமீர் சிரித்தானாம். இவன் நோட்டை எடுத்துவிட்டான். மற்ற எதை வேண்டுமானாலும் பழசாக வாங்கலாம், எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் பழசு வாங்கக்கூடாது, அது செத்தால் போர்டையும் கூட இழுத்துக்கொண்டு போய்விடும் என்பது இவன் கட்சி. சமீரே பிறகு என்னிடம் அது சரிதான் என்று ஒத்துக்கொண்டான், எனக்குக் கேட்க எரிச்சலாக இருந்தது. பிராசஸரை ஆன்லைனில் ஆர்டர் போட்டான், கூடவே காற்றாடி வருகிற மாதிரிப் பார்த்து. ராம் விலை ஏறிக் கிடந்த நேரம் என்பதால் இரண்டு குச்சிக்குப் பதில் ஒன்றை வாங்கி, இன்னொரு பள்ளத்தைக் காலியாக விட்டுவைத்தான். கிராபிக்ஸ் கார்டு வேண்டாம், அவள் என்ன விளையாடவா போகிறாள் என்று நோட்டில் அடித்துவிட்டான். பெட்டி மட்டும் தென்காசியில் மூடிப்போன ஒரு பிரவுசிங் சென்டரின் பழைய இரும்புப் பெட்டி. துருவைச் சுரண்டி, கறுப்புப் பெயிண்ட் அடித்து, மூன்று நாள் வெயிலில் வைத்தான். கண்ணாடி வைத்து, லைட்டு எரிகிற பெட்டியெல்லாம் தகரம், இதுதான் இரும்பு என்று காளீஸ்வரியிடம் தட்டிக் காட்டியது எனக்குக் கேட்டது.

மதர்போர்டு கொண்டுவந்த கூரியர்காரன் கதவு எண் குழம்பி என் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனான். நான் அதை மூன்று நாள் பீரோ மேல் வைத்திருந்தேன். அவன் தினமும் போனில் கூரியர்காரனோடு சண்டை போடுவதைக் கேட்டுக்கொண்டு சாப்பிட்டேன். நாலாவது நாள் செண்பகவல்லி எனக்குத் தெரியாமல் கொண்டுபோய் அவன் வாசலில் வைத்துவிட்டாள். ஏட்டி, யாரைக் கேட்டு எடுத்தே என்று சத்தம் போட்டேன். "அந்தப் பிள்ள வேலைக்கு ஒல வச்சிராதீக," என்று மட்டும் சொன்னாள்.

பூட்டின அன்றைக்கே ஓடிற்று. அதையும் சொல்லத்தான் வேண்டும். சுவரை ஒட்டித்தான் அவன் வீட்டில் பிளக் பாயிண்டு, அதனால் பெட்டியையும் சுவரோடு சேர்த்தே வைத்திருந்தான். காற்றாடி சுற்றுகிற மெல்லிய சத்தம் என் பக்கம் கேட்கும். காளீஸ்வரி இங்கிலீஷில் பேசுவாள், நடுவில் மலையாளம் வரும், செங்கோட்டைப் பக்கத்துப் பெண்ணுக்கு அது சும்மா வரும். வைகாசி முடிகிறவரை ஒரு கோளாறும் இல்லை. அவன் ஆட்டோவை என் வாசல் முன்னால் ஹாரன் அடித்துக்கொண்டு ஓட்டினான்.

ஆனி பிறந்தது. சாரல் இறங்கியது. உப்பு ஜாடியில் தண்ணீர் கோர்த்தது, தீப்பெட்டி உரசினால் பற்றவில்லை, சுவரெல்லாம் ஈரம் ஏறிக் கை வைத்தால் ஒட்டியது. அந்த வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் கடையில் இருந்தேன். ராத்திரி வீட்டுக்கு வந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் திருகாணி கழற்றுகிற சத்தம். காளீஸ்வரி பேசிக்கொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டர் பட்டென்று நின்று, மறுபடி தானாக ஆரம்பித்திருக்கிறது. முதல் புள்ளி. எனக்கு அன்று சோறு இரண்டு கரண்டி கூட இறங்கியது.

அவன் ராம் குச்சியைக் கழற்றி, அதன் பல்லை அழிரப்பரால் தேய்த்து, பக்கத்துப் பள்ளத்தில் மாட்டினான். புதன் ஓடிற்று. வியாழன் ஓடிற்று. "ராம்தான் காளி, ஈரத்துல காண்டாக்ட் விட்டுருக்கு," என்று பெருமையாகச் சொன்னான். வெள்ளிக்கிழமை நின்றது. பிராசஸர் மேலே பசை காய்ந்திருக்கும் என்று காற்றாடியைக் கழற்றித் துடைத்துப் புதுப் பசை தடவினான். சனி ஓடிற்று, திங்கள் ஓடிற்று. ஞாயிறு அவளுக்கு லீவு. "சூடுதான் காளி," என்றான். செவ்வாய் நின்றது. அவனுடைய அந்த உசத்தி எஸ்எம்பிஎஸ் மேலேயே சந்தேகம் வந்து, சமீரிடம் இரவல் வாங்கி வேறொன்றை மாட்டினான். இரண்டு நாள் நல்லபடி ஓடி, வெள்ளிக்கிழமை நின்றது. ஒவ்வொரு தடவையும் எதையாவது மாற்றுவான், இரண்டு நாள் ஓடும், குணமாயிற்று என்று நோட்டில் எழுதுவான், பிறகு எழுதினதை அடிப்பான். அப்பா தூக்கி வைத்துக் கொண்டாடின பிள்ளை இப்படி முழிப்பது எனக்கு நன்றாகத்தான் இருந்தது. நான் பொய் சொல்லவில்லை.

கடைசியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சமீர் கடைக்கே போனான். ஒரு புதன்கிழமை கொடுத்தது, அடுத்த திங்கள் வரை அங்கே இரவும் பகலும் ஓடிற்று. அந்த நாட்களுக்குக் காளீஸ்வரி கெஞ்சி லீவு வாங்கினாள், அதற்கும் சேர்த்து ஒரு புள்ளி போட்டார்கள்.

"பெட்டியில ஒண்ணும் இல்லண்ணே, வீட்டுலதான் என்னமோ இருக்கு," என்று சமீர் சொல்லியிருக்கிறான்.

"எங்க வீட்டுல என்னலே இருக்கு?"

"அது எனக்கெப்படித் தெரியும். தொட்டா சுள்ளுங்குதா?"

"சாரல் காலத்துல எல்லாந்தான் சுள்ளுங்கும்."

இதுதான் எங்கள் ஊர்க்காரனுடைய கெட்டிக்காரத்தனம். ஈரம் வந்தால் இரும்பு சுள்ளென்று அடிக்கும் என்று பிறந்ததிலிருந்து எங்களுக்கு ஒரு தீர்மானம். ஃப்ரிட்ஜ் அடித்தால் செருப்புப் போட்டுக்கொண்டு திறப்போம். யாரும் காரணம் கேட்கமாட்டோம். எல்லாவற்றையும் நோட்டில் எழுதுகிறவன் இதை மட்டும் எழுதவில்லை. இரவல் எஸ்எம்பிஎஸ்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தான். மறுநாள் செவ்வாய். நின்றது.

ஆடி பிறந்தபோது காளீஸ்வரிக்கு ஒன்பது புள்ளி. இன்னும் ஒன்றுதான் பாக்கி. அவள் குரலே மாறிவிட்டது. வேலை தொடங்குவதற்கு முன்னால் பெட்டியின் மேலே திருநீறு பூசுகிறாள் என்று செண்பகவல்லி சொன்னாள். உனக்கெப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஆடி முதல் வெள்ளி. மலையில் விடிய விடிய மழை. அருவிகளில் வெள்ளம் பாய்ந்து, எல்லா இடத்திலும் குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். வந்த கூட்டம் அப்படியே திரும்பிற்று. பழம் வாங்க ஆள் இல்லை, ஆட்டோவில் ஏறவும் ஆள் இல்லை. நான் மூன்று மணிக்கே தார்ப்பாயைக் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். வழியில் அவன் ஆட்டோ அவன் வாசலில் நிற்பதைப் பார்த்தேன். சாதாரணமாக இரண்டு பேருமே இருட்டுவதற்கு முன்னால் வீடு திரும்புகிற ஆட்கள் இல்லை.

வீட்டில் செண்பகவல்லி இல்லை. புறவாசல் கதவு திறந்து கிடந்தது. மாவுத் தூக்குவாளி இருக்கிற இடம் காலியாக இருந்தது. அந்தப் பக்கம் கிரைண்டர் ஓடுகிற சத்தம் கேட்டது. காளீஸ்வரி அரைக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துத் துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினேன். பிறகுதான் உறைத்தது, காளீஸ்வரி முன்னறையில் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருக்கிறாள். அவள் பேச்சு பாதியில் நின்றது. பெட்டிக் காற்றாடியும் நின்றது.

"போச்சு," என்றாள் காளீஸ்வரி. அவ்வளவுதான் சொன்னாள்.

"மணி நாலு ஏழு," என்று இசக்கிதுரை சொல்வது கேட்டது. நோட்டைப் புரட்டுகிற சத்தம். "போன செவ்வாய் நாலு பத்து. அதுக்கு முந்தின வெள்ளி நாலு அஞ்சு. இது என்னடி கணக்கு?" டெஸ்டரை எடுத்துப் பெட்டியின் திருகாணியில் வைத்துப் பார்த்திருக்கிறான், எரிந்திருக்கிறது. பிறகு வீடு அதிரக் கத்தினான். "அங்கன யாரு கிரைண்டர் போட்டுருக்கா?"

"நாந்தான் தம்பி."

அது என் வீட்டுக்காரியின் குரல்.

எனக்கு வந்த கோபத்தில் கண் தெரியவில்லை. இரண்டு வருஷம் மிதிக்காத வாசலை மிதித்து உள்ளே போனேன். அவளை நாலு வார்த்தை கேட்பதற்குத்தான் போனேன். இசக்கிதுரை என்னைப் பார்த்தான், நான் யாரென்று தெரியாதவன் மாதிரி கையை மட்டும் நீட்டித் தடுத்தான்.

"யாரும் ஒண்ணையும் தொடாதீக. மதினி, கைய மெதுவா எடுங்க. சுவிட்சத் தொடாண்டாம், நான் மெயின ஆஃப் பண்ணுதேன்."

மெயினை இறக்கினான். கிரைண்டர் சுற்றிச் சுற்றி நின்றது. பின்கட்டில் செண்பகவல்லி ஒரு மரப்பலகை மேல், காலில் ரப்பர் செருப்போடு, முழங்கை வரை மாவோடு நின்றாள். சுற்றிலும் தரை ஈரம்.

"இது அடிக்குமே மதினி. ஒங்களுக்கு அடிக்கலயா?"

"அடிக்கும். அதான் பலகையும் செருப்பும்."

"எத்தன நாளா?"

"ஆனி பொறந்ததுல இருந்து. சாரல்னா அடிக்கத்தான செய்யும் தம்பி."

"செவ்வாயும் வெள்ளியுமா?"

"ஆமா. நாலு மணிக்கு. அப்பத்தான் நீங்க ரெண்டு பேரும் வீட்டுல இருக்க மாட்டீக."

இசக்கிதுரை தன் பெண்டாட்டி பக்கம் திரும்பினான். "ஒனக்குத் தெரியுமாட்டி?"

காளீஸ்வரி ஹெட்செட்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். "அக்கா வாரது தெரியும். நான் கதவச் சாத்திட்டு இதக் காதுல மாட்டியிருப்பேன், ஓடுத சத்தம் கேக்காது. ஒங்ககிட்ட சொல்லியிருந்தா வர விட்டுருப்பீகளா?"

ஐந்து வாரம் பெட்டியைக் குடைந்தவனுக்கு, பெட்டிக்கு வெளியே நடந்ததை ஒருத்தரும் சொல்லவில்லை. சொன்னால் சண்டை வரும் என்று இரண்டு பெண்களும் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கு அவனும் காரணம், நானும் காரணம்.

மெயினை மறுபடி போட்டான். கிரைண்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியில் டெஸ்டரை வைத்தான். சும்மா மினுங்கிற்று. பிளக்கைச் சொருகி, ஒரு குச்சியால் சுவிட்சைத் தட்டிவிட்டு வைத்தான். டெஸ்டர் பளிச்சென்று எரிந்தது. உடனே அணைத்தான்.

"கிரைண்டர் மோட்டார்ல ஈரம் எறங்கி கரண்டு கசியுது," என்று காளீஸ்வரிக்குச் சொன்னான். "அது எர்த் வயர் வழியா மண்ணுக்குள்ள போயிரணும். போக வழியில்லாம, அதே வயர்ல வந்து ஒன் பெட்டியில ஏறுது. பெட்டி ஈரச் செவுத்துல சாஞ்சு நிக்கி. அதான் நிக்குது. வெறுங்காலோட யாராவது ரெண்டுல ஒண்ணத் தொட்டுருந்தா என்னத்துக்கு ஆகும்."

பலகையில் நின்றுகொண்டிருந்தது என் பெண்டாட்டி. வாரத்துக்கு இரண்டு நாள். எனக்கு இட்லி அவிக்க.

அவன் மீட்டர் பெட்டியிலிருந்து பச்சை வயரைக் கையால் தடவிக்கொண்டே சுவர் வரை வந்தான். ஓட்டை வழியாக அது என் பக்கம் போகிறது. பிடித்து இழுத்தான். எந்த மல்லுக்கட்டும் இல்லாமல் வந்துவிட்டது. நுனியைத் திருப்பிப் பார்த்தான். செம்புக் கம்பி ஒரே மட்டமாக இருந்தது.

"எலி கடிச்சா இப்படி இருக்காது," என்றான்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வாயில் வந்தது ஒன்றுதான். "அது என் எடத்துல கெடந்த வயரு."

செண்பகவல்லி பலகையைவிட்டு இறங்கினாள். கையைக்கூடக் கழுவவில்லை. என்னிடம் பேசவில்லை, அவனிடம்தான் பேசினாள். "கட்டிங் பிளேயர எடுத்துக் குடுத்தது நாந்தான் தம்பி. சும்மா பச்ச வயருன்னு சொன்னாக."

நான் வந்த வழியே திரும்பி வந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. கோபமும் இருந்தது. யார் மேல் என்று தேடிப் பார்த்துவிட்டு, பழக்கதோஷத்தில் தம்பி மேலேயே வைத்துக்கொண்டேன்.

திங்கள்கிழமை கம்பெனியிலிருந்து காளீஸ்வரிக்கு மெயில் வந்தது. பத்துப் புள்ளி, வேலை கிடையாது. நோட்டைப் படம் பிடித்து, டெஸ்டர் எரிந்ததைப் படம் பிடித்து, இன்ன காரணம், சரிசெய்துவிட்டோம் என்று எழுதிப் போட்டுப் பார்த்தாள். பதில் வந்தது, அதே பதில். அவள் அழுதது எனக்குக் கேட்கவில்லை. ஹெட்செட் வயரைச் சுற்றி டப்பாவில் வைத்துவிட்டு வாசல் தெளிக்க வந்தாள், நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி ஆட்டோவைத் துடைத்தேன்.

செவ்வாய் காலையில் கடப்பாரையை எடுத்து நான் போட்ட சிமெண்டை நானே உடைத்தேன். குழாயைக் கண்டுபிடித்து, புதுப் பச்சை வயரை இறுக்கிக் கட்டி, மறுநுனியைச் சுவருக்கு மேலே அந்தப் பக்கம் வீசினேன்.

"ஏலே, வயரு கெடக்கு. எடுத்துக் கட்டு," என்றேன். இரண்டு வருஷத்தில் அவனிடம் நேராகப் பேசின முதல் பேச்சு.

வயர் சுவர் மேல் ஏறி என் பக்கமே திரும்பி விழுந்தது.

"ஒம்ம மண்ணுல இருந்து எனக்கு ஒண்ணும் வராண்டாம்," என்றான்.

சித்திரையில் நான் சொன்னது அவன் காதில் விழுந்திருக்கிறது. எதைப் பற்றி என்று அன்று தெரிந்திருக்காது. நோட்டில் தேதி போட்டு எழுதிக்கூட வைத்திருப்பான். அன்றே அவன் பக்கத்தில் குழி தோண்ட ஆரம்பித்தான். ஆள் வைக்கவில்லை. மழையில் நனைந்துகொண்டே ஆளுயரத்துக்குத் தோண்டி, கரியும் உப்பும் அடுக்கு அடுக்காகப் போட்டு, குழாயை இறக்கினான். கிரைண்டர் மோட்டாரைக் கழற்றித் தென்காசியில் கொடுத்துப் புதிதாகக் கம்பி சுற்றி வாங்கி வந்தான். இப்போது அந்தக் கம்ப்யூட்டர் நாள் முழுக்க ஓடுகிறது. காளீஸ்வரி வேறு கம்பெனிகளுக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருக்கிறாள். இன்னும் ஒன்றும் அமையவில்லை.

அடுத்த புதன்கிழமை என் தட்டில் இட்லி விழுந்தது. ஒரு வாய் வைத்தேன், புளிப்பு பல்லைக் கூசியது.

"ஏட்டி, இது என்ன மாவு?"

"கடை மாவு. பாக்கெட்டு."

"நம்ம மாவு என்ன ஆச்சு?"

"அது அவுக கிரைண்டர்ல அரைக்கது," என்றாள் செண்பகவல்லி. "அங்கன இருந்து ஒங்களுக்கு ஒண்ணும் வராண்டாம்னு நானும் பாத்தேன்."

செவ்வாயும் வெள்ளியும் அவள் இப்போது தெருவாசல் வழியாகவே அங்கே போகிறாள், எல்லாரும் பார்க்க. அங்கேயே அரைத்து, முந்தின தடவை மாவில் தோசை சுட்டு, அங்கேயே காளீஸ்வரியோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருகிறாள். கடைக்குப் போகாத நாளில் நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்கிறேன். நாலு மணிக்குக் கிரைண்டர் ஓடுகிறது. பெட்டிக் காற்றாடி நிற்கவில்லை. நான் எழுந்து போய், ராத்திரி என் தோசைக்கு, ஃப்ரிட்ஜிலிருந்து பாக்கெட் மாவை எடுத்து வெளியே வைக்கிறேன்.